நிறுத்தியாச்சு

பழைய லிஃப்டைப் பராமரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கூண்டின் கூரைமேல் ஏறி நிற்பார். மற்றவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருப்பார். கூண்டுக்கு வழிகாட்டும் தண்டவாளம், அதைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிகள், மாடிக் கதவுகளின் பூட்டுகள் எல்லாம் கூரைமேல் நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் கூண்டை நகர்த்தும் பொத்தான் மோட்டார் அறைக்காரர் கையில் இருக்கும். கண் ஓரிடம், கை ஓரிடம். நடுவில் ஒரு வாக்கி-டாக்கி.

அதனால் பேச்சுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து "ஏத்து" என்று குரல் வந்தால், "ஏத்துறேன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். "நிறுத்து" என்று வந்தால் முதலில் விரலை எடுக்க வேண்டும், பிறகுதான் "நிறுத்தியாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பின்பே கூரைமேல் நிற்பவர் கையை வெளியே நீட்டுவார்.

பொத்தானிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கூண்டு ஓடும். விரலை எடுத்தால் பிரேக் விழுந்துவிடும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆள் வழுக்கி விழுந்தாலும் மயங்கிச் சரிந்தாலும் கை தளரும், கூண்டு நிற்கும். ஆள் நின்ற நிலையிலேயே இல்லாமல் போகலாம் என்பதை மட்டும் அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

அன்று மோட்டார் அறையில் இருந்தவர் மெக்கானிக். கூரைமேல் நின்றவன் அவர் மனைவியின் தம்பி. பல வருடங்களாக இருவரும் ஒரே வேனில் போய், ஒரே பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வேலை செய்பவர்கள். ஆபீசில் அவர்களை 'மாமா-மச்சான் கம்பெனி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூண்டு மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு தாங்கியின் போல்ட் தளர்ந்திருப்பதை மச்சினன் பார்த்தான்.

"நிறுத்து."

"நிறுத்தியாச்சு" என்றது வாக்கி-டாக்கி.

அவன் மண்டியிட்டு, கையை நீட்டி, போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். தாங்கி கீழே இறங்கி வருவதுபோல் இருந்தது. தாங்கி எங்கே இறங்கும்? கூண்டுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முழங்கை, கூண்டின் மேல் சட்டத்துக்கும் சுவரில் இருந்த இரும்புக்கும் நடுவே இருந்தது. இன்னொரு கையால் கூரையில் அவசரத்துக்கு வைத்திருந்த சிவப்பு ஸ்விட்சை ஓங்கி அடித்தான். கூண்டு குலுங்கி நின்றது. ஸ்பேனர் நழுவி, சுவரில் மோதி மோதி, அடித்தளக் குழியில் போய் விழுந்தது. சட்டைக் கை கிழிந்து, தோல் வழன்றிருந்தது. கை தப்பியது.

அவன் மாடிப்படி ஏறி மோட்டார் அறைக்குப் போனபோது மெக்கானிக் பொத்தான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேனலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"என்ன மாமா, கையை எடுத்துருவீங்க போல இருக்கே?"

"நீ ஏன் மேல வந்த? தாங்கி பார்க்கணும்ல?"

"நிறுத்துன்னு சொன்னேன்ல!"

"எப்போ சொன்ன?"

"இப்பதான். நீங்களும் நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்க."

"நானா? மாப்ள, காலையிலேயே ஆரம்பிக்காத. நீ சொல்லவே இல்ல."

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். ஒருவன் கேட்டது உண்மை. மற்றவருக்குச் சொன்ன ஞாபகமே இல்லை என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருந்தால் தப்பு யாருடையது? மெக்கானிக்குகள் இந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்லும் பதிலையே இவர்களும் சொன்னார்கள்: மெஷினுடையது.

பேனலுக்குள் காண்டாக்டர் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் வேலை. பழையதானால் அதன் செம்பு முனைகள் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மத்தியானம் முழுக்க அதைக் கழற்றிப் பார்த்தார்கள். முனைகள் சுத்தமாகத்தான் இருந்தன. இருந்தாலும் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னபடி நின்றது.

"விருந்தாளி" என்றார் மெக்கானிக்.

சொல்லாமல் வந்து, ஆள் போய்ப் பார்க்கும்போது காணாமல் போகும் கோளாறுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. விருந்தாளியைப் பிடிக்க மோட்டார் அறையில் காத்திருந்து பயனில்லை. குடியிருப்பவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்: வருவதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, போன பிறகு எப்படி இருந்தது. லிஃப்டுக்குத் தன் கோளாறு தெரியாது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து, ஒரு கடை வாசலில் வேனை நிறுத்தி இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் மெக்கானிக். மச்சினன் ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். சிரிக்க வேண்டிய இடம் வந்தது. பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். மெக்கானிக்கின் கண் திறந்திருந்தது; ஆனால் எதிலும் பதியவில்லை. வாய் எதையோ சுவைப்பதுபோல் மெல்ல அசைந்தது. இடது கை சட்டைப் பொத்தானைத் தடவித் தடவி விட்டது. வலது கையில் டீ கப், விழாமல், இறுக்கமாக.

"மாமா?"

"ம்ம்."

"என்ன மாமா, கண்ணைத் திறந்துக்கிட்டே தூக்கமா?"

"ம்ம், சரி."

மச்சினனுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று அவனால் பிறகும் சொல்ல முடியவில்லை. வாக்கி-டாக்கியில் பேசும் குரலில், "நிறுத்து" என்றான்.

"நிறுத்தியாச்சு" என்றார் மெக்கானிக்.

என்ஜின் ஓடவில்லை. எதுவும் நகரவில்லை. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் கண்ணைச் சிமிட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைப்பக்கம் பார்த்து, "டீ சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"உங்க கையில என்ன இருக்கு?"

மெக்கானிக் கப்பைப் பார்த்தார். அதன் அடியில் மீதி இருந்த டீயைப் பார்த்தார். "ஓ" என்றார்.

"சாவி குடுங்க மாமா."

"எதுக்கு?"

"எனக்கு ஓட்டணும் போல இருக்கு."

"நீ ஓட்டுனா வண்டி அழும்."

"அழட்டும். குடுங்க."

அன்று சாயங்காலம் மச்சினன் அக்காவைப் பார்க்கப் போனான். அவள் ஒரு துணிக்கடையில், வாங்கிய உடுப்புகளை ஆளின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை செய்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே தம்பி சொன்னதைக் கேட்டாள்.

"அதுவா? அது கோவம்டா" என்றாள். "நான் ஏதாவது சொன்னா அப்படியே பேசாம உக்காந்துருவாரு. எங்கயோ பார்ப்பாரு. கேட்டா 'ம்ம்'. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சுப் போவாரு. எனக்கு எப்படி இருக்கும்? பதிலுக்கு நானும் பேசாம இருந்துருவேன்."

"வாயை மெல்லுவாரா?"

"மெல்லுவாரு. பல்லைக் கடிக்கிறாருன்னு நினைச்சேன்."

"சட்டைப் பொத்தான்?"

அவள் கை நின்றது. "நான் தைச்ச பொத்தான்தான். அடிக்கடி பிஞ்சுபோகுது." கால்சட்டையை மேசைமேல் வைத்தாள். "எத்தனை மாசமா இப்படி? நான் சண்டைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

கோபக்காரருக்குக் கோபம் நினைவிருக்கும். ஏன் கோபம் என்றும் சொல்லத் தெரியும். இவரிடம் கேட்டால், "எப்போ கோவப்பட்டேன்?" என்றுதான் கேட்பார். அதை அவள் நடிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை அவருக்கு அப்படி வந்தபோது அவள் அவரோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். மடியில் கரண்டி விழுந்தது, அவர் எடுக்கவில்லை. "ஏங்க, நான் யாரு?" என்று கேட்டாள். "சரி, சரி" என்றார். முகம், கைகள், எப்போது தெளிகிறார் என்பது வரை எல்லாவற்றையும் பிடித்தாள். பிறகு அவரிடம் காட்டினாள்.

அவர் ஒரு முறை பார்த்தார். முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஓடுது?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல."

"இது எப்போ எடுத்தது?"

"இப்பத்தாங்க. தட்டுல சோறு இன்னும் சூடா இருக்கு பாருங்க."

அவர் சோற்றைத் தொட்டுப் பார்த்தார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "தூக்கம் பத்தல. அவ்வளவுதான். டாக்டர்கிட்ட போனா முதல்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? வண்டி ஓட்டாத, உயரத்துல ஏறாத, மெஷின் பக்கம் போகாத. அப்புறம் நான் வீட்ல என்ன, பொத்தான் தைக்கிறதா?"

"தைங்களேன். நீங்கதானே பிய்க்கிறீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை.

மறுநாள் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலை. மெக்கானிக் மோட்டார் அறைக்குப் போய்ப் பொத்தான் பெட்டியை இணைத்தார். வாக்கி-டாக்கியில், "ரெடி. ஏறிட்டியா?" என்றார்.

"இல்ல."

"கதவு திறக்கலையா?"

"திறந்திருக்கு. நான் ஏறல."

"என்ன மாப்ள, விளையாடுற?"

"மாமா, நான் ஏறமாட்டேன்."

மெக்கானிக் படி இறங்கி வந்தார். மச்சினன் மாடிக் கதவுக்குக் குறுக்கே தடுப்புப் பலகையை வைத்து, அதன் பக்கத்தில் நின்றிருந்தான். அலுவலக ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று அடிக்குரலில் கேட்டார்.

"உங்கமேல இருக்கு. நீங்க இருந்தா ஏறுவேன். நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா பதில் வருது. அதான் பயமே. பதில் வராம இருந்தாகூட நான் கையை நீட்டமாட்டேன்."

மச்சினனின் முழங்கையில் புண் ஆறி, தோல் வேறு நிறத்தில் இருந்தது. இவ்வளவு நாளும் அவர் அதைக் காண்டாக்டரின் கணக்கில்தான் வைத்திருந்தார். இப்போது அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொத்தான் பெட்டியைக் கழட்டிட்டு வரேன்" என்றார். "நீ வேனை எடு."

நரம்பியல் டாக்டர் முதலில் அவரையே சொல்லச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டர். இவங்க ரெண்டு பேரும்தான் சொல்றாங்க."

"தெரியலைங்கிறதே ஒரு தகவல்தான்" என்று எழுதிக்கொண்டார். பிறகு மற்ற இருவரையும் கேட்டார். வருவதற்கு முன் முகம் எப்படி இருந்தது? நிறம் வெளுத்ததா? தலை ஒரு பக்கம் திரும்பியதா? எந்தக் கை அசைந்தது, எந்தக் கை இறுகியது? தெளிந்த பிறகு குழப்பம் எவ்வளவு நேரம்? மச்சினனுக்கு இந்தக் கேள்விகள் புதிதாகப் படவில்லை. டாக்டர் அவன் அக்கா எடுத்த படத்தைப் பார்த்தார்.

"வர்றதுக்கு முன்னால உடம்புல ஏதாவது தோணுமா? வாசனை? வயித்துல ஏதாவது?"

"வயித்துல..." மெக்கானிக் சிரித்தார். "லிஃப்ட் சட்டுனு இறங்குனா வயிறு மேல எழும்பும் பாருங்க, அது. ஆனா டாக்டர், நான் லிஃப்ட் மெக்கானிக். அது எனக்கு தினம் வரும்."

"லிஃப்ட்ல இல்லாதப்போ?"

அவர் யோசித்தார். "சாப்பிடும்போது வந்திருக்கு. படுத்திருக்கும்போது வந்திருக்கு. நாள் முழுக்க அதுலேயே இருக்கோம், உடம்பு பழகிப்போச்சுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும், தரையில் உட்கார்ந்திருக்கும்போது வயிறு மேலே எழும்பினால் என்னவோ ஏதோ என்று பயந்து யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். அது இவருக்குத் தொழிலில் சேர்ந்துபோயிருந்தது.

"வலிப்பா இருக்கலாம்னு சந்தேகப்படுறேன்" என்றார் டாக்டர்.

"வலிப்புன்னா கீழ விழுந்து கை காலு உதறணும்ல?" என்றாள் மனைவி.

"அது ஒரு வகை. மூளை முழுக்க ஒரே நேரத்துல மின்சாரம் தாறுமாறா ஓடுனா அப்படி வரும். ஒரு மூலையில மட்டும் ஓடுனா ஆள் விழமாட்டாரு. நிப்பாரு, மெல்லுவாரு, தடவுவாரு. நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற இடமும் அந்த மூலையிலதான் இருக்கு. அதனால பதிவே இருக்காது. அவர் மறக்கல, அவருக்குள்ள அது பதியவே இல்ல. ஆனா இப்போதைக்கு இது சந்தேகம்தான். இதயத் துடிப்பு தப்புனாலும், சர்க்கரை இறங்குனாலும், சில மருந்தாலயும் இப்படி ஆளுக்கு நினைவு விட்டு விட்டுப் போகலாம். ஈ.சி.ஜி., ரத்தம், தலைக்கு ஸ்கேன், மூளை மின்சாரத்தைப் பார்க்கிற ஈ.ஈ.ஜி. எல்லாம் பார்ப்போம். ஈ.ஈ.ஜி. ஒரு தடவை நல்லா இருந்தாலும் ஒண்ணும் இல்லைன்னு ஆகாது."

மெக்கானிக் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இப்போது பயத்தைவிட வேறு ஒன்று பெரிதாக இருந்தது. "அப்போ விரல் எப்படிப் பொத்தானை விடாம இருந்துச்சு? வாய் எப்படிச் சரியான பதிலைச் சொல்லுச்சு?"

"எத்தனை வருஷமா அந்த வார்த்தையைச் சொல்றீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாலிருந்து."

"அவ்வளவு பழகின வார்த்தையைச் சொல்ல நீங்க முழுசா அங்க இருக்கணும்னு இல்ல. கையும் அப்படித்தான். செஞ்சுக்கிட்டு இருந்ததையே செஞ்சுக்கிட்டு இருக்கும்."

மனைவி குறுக்கிட்டாள். "வீட்ல வந்தா நாங்க என்ன செய்யணும்? எப்போ ஓடி வரணும்?"

"பிடிச்சு அமுக்காதீங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. அடுப்பு, படிக்கட்டு, ரோடு பக்கம் போகாம மெதுவா திருப்பி விடுங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா, ஒண்ணு முடிஞ்சு தெளியாமலே இன்னொண்ணு வந்தா, விழுந்து அடிபட்டா, மூச்சு சரியில்லைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வாய் கோணி ஒரு பக்கம் கை காலு விழுந்தாலும், பேச்சு குழறுனாலும் ஒரு நிமிஷம்கூட காத்திருக்காதீங்க. அது பக்கவாதமா இருக்கலாம்." பேனாவை மூடினார். "இது எதுவும் இல்லாம, சும்மா ஒரு தடவை ஒருத்தருக்குக் கொஞ்ச நேரம் நினைவு காணாமப் போச்சுன்னாகூட வரணும். முதல் தடவையே. நீங்க கொஞ்சம் லேட்."

மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"வண்டி?" என்றார் மெக்கானிக்.

"கூடாது. உயரம் கூடாது, ஓடுற மெஷின் கூடாது. மருந்து கேக்குதான்னு பார்த்து, கொஞ்ச காலம் ஒண்ணும் வராம இருந்தா அப்புறம் பேசலாம். நிறைய பேருக்கு மருந்து கேக்கும்."

"எனக்குக் கேக்கும்னு சொல்றீங்களா?"

"சொல்ல முடியாது. பார்க்கலாம்னுதான் சொல்ல முடியும்."

வெளியே தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. மனைவி பரிசோதனைகளுக்கு நாள் கேட்கப் போனாள். மெக்கானிக் போனை எடுத்து சூப்பர்வைசரின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்லவா மாமா?" என்றான் மச்சினன்.

"வேணாம். நாளைக்கு எனக்குப் பதிலா எவனையாவது மோட்டார் ரூமுக்கு அனுப்பணும்ல. காரணம் தெரியாம அனுப்புனா, அடுத்த வாரம் என்னையே திரும்பவும் அனுப்பிருவாரு. நானும் போயிருவேன்."

எண்ணை அழுத்தினார். ஒளிக்காமல் சொன்னார்: சில வாரம் முன்பு கூண்டு நிற்காமல் போனது காண்டாக்டரால் அல்ல, தன்னால். டாக்டர் இன்னின்னது செய்யக் கூடாது என்றிருக்கிறார். இனி மோட்டார் அறைக்கும் போகமாட்டேன், வேனையும் தொடமாட்டேன்.

மறுமுனையில் சூப்பர்வைசரின் குரல் மச்சினனுக்கும் கேட்கும் அளவுக்குப் பெரிதாக வந்தது. "யோவ், உயிரோட இருக்கீங்கல்ல ரெண்டு பேரும்? அதை முதல்ல சொல்லித் தொலைய வேண்டியதுதானே? ஒர்க்‌ஷாப்ல கழட்டிப் போட்ட லிஃப்ட் போர்டு மலையா கிடக்கு, வந்து டேபிள்ல உக்காந்து பாரு. அது சரி, இது எப்போலேர்ந்து? எப்படி வருது? மேல எழுதி அனுப்பணும், சொல்லு."

வயிறு எழும்பியது வரைதான் மெக்கானிக்குக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது முழுக்க மற்றவர்களிடம் இருந்தது.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றார். "பக்கத்துல இருந்தவன்கிட்ட குடுக்கறேன்."

போனை மச்சினனிடம் நீட்டினார். அவன் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். மெக்கானிக் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.